கதையைச் சொல்வது யார், யாரிடம்? அமெரிக்கத் திகில் சிறுகதைகளைப் படிக்க ஒரு வழி

எம்.ஏ. படிக்கும்போது வில்லியம் ஃபாக்னரின் 'எ ரோஸ் ஃபார் எமிலி' பற்றி இரண்டரைப் பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். கதையை நான் படித்திருக்கவில்லை. வகுப்பில் நோட்ஸ் சொன்னார்கள், எழுதிக்கொண்டோம். கடைசியில் கட்டிலில் என்ன கிடக்கிறது என்பதும் அந்த நோட்ஸிலேயே இருந்தது. நாலு வருஷம் கழித்து அதே கதையை நான் நடத்த வேண்டி வந்தபோதுதான் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். கதவை உடைக்கிற இடம் வந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு கதை ஒருவருக்கு ஒரே ஒரு தடவைதான் தர முடிகிற அதிர்ச்சி, எனக்கு வராமலே போய்விட்டது. அந்த வருத்தம் இன்றைக்கும் உண்டு.

அதனால் என் மாணவர்களிடம் முதலில் சொல்வதை உங்களிடமும் சொல்கிறேன். இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு நான்கு கதைகளைப் படித்துவிட்டு வாருங்கள். 1843இல் வெளிவந்த எட்கர் ஆலன் போவின் 'தி டெல்-டேல் ஹார்ட்', 1892இல் வெளிவந்த சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் 'தி யெல்லோ வால்பேப்பர்', 1930இல் வந்த 'எ ரோஸ் ஃபார் எமிலி', 1948இல் வந்த ஷெர்லி ஜாக்சனின் 'தி லாட்டரி'. முதல் இரண்டும் புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். மற்ற இரண்டும் கல்லூரி நூலகத்தில் இருக்கும் ஏதாவது ஒரு அமெரிக்கச் சிறுகதைத் தொகுப்பில் பெரும்பாலும் இருக்கும். சுருக்கம் படிக்காதீர்கள், யூடியூப் விளக்கமும் வேண்டாம். இனி நான் எழுதப் போவதில் எல்லா முடிவுகளும் வெளியே வந்துவிடும்.

படிக்கும் முறையைப் போவே சொல்லியிருக்கிறார். 1842இல் நத்தானியேல் ஹாதார்ன் என்ற அமெரிக்க எழுத்தாளரின் கதைத் தொகுப்புக்கு எழுதிய மதிப்புரையில், அரை மணியிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ஒரே மூச்சில் படித்து முடிக்கக்கூடியதாகக் கதை இருக்க வேண்டும், அதன் ஒவ்வொரு சொல்லும் ஒரே விளைவை நோக்கிப் போக வேண்டும் என்கிறார். நடுவில் எழுந்து போனால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். எனவே முதல் வாசிப்பில் அகராதி வேண்டாம், பென்சில் வேண்டாம், போனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். 'டெல்-டேல் ஹார்ட்' 2,000 சொற்களைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். புரியாத சொல் வந்தால் தாண்டிப் போங்கள். அது புரியாமலே பயம் வரும்.

சரி, இரண்டாவது வாசிப்பு. இங்கேதான் படிப்பு தொடங்குகிறது.

சில வருடங்களுக்கு முன், 'டெல்-டேல் ஹார்ட்' நடத்தும்போது, ஆங்கிலம் அவ்வளவாக வராத ஒரு மாணவி, "மேடம், ஒரு பத்தியைத் தமிழ்ல எழுதிப் பாத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டாள். எழுதிக்கொண்டும் வந்தாள். மூன்றே வரி. அதில் ஒரு சொல்லை மூன்று தடவை அடித்து அடித்து எழுதியிருந்தாள். முதலில் 'நீ', அப்புறம் 'நீங்கள்', மறுபடி 'நீ'. "யார்கிட்ட பேசறான்னே தெரியலையே மேடம்" என்றாள். பத்து வருஷம் அந்தக் கதையை நடத்தியிருந்த எனக்கு அந்தக் கேள்வி வந்ததே இல்லை. ஆங்கிலத்தில் ஒரே 'யூ' எல்லோருக்கும் பொருந்திவிடுகிறது. தமிழில் எழுத உட்கார்ந்தால் எதிரே இருப்பவர் யார், வயசென்ன, மரியாதை உண்டா என்று முடிவு செய்யாமல் ஒரு வாக்கியம்கூட முடியாது. இந்த வகைக் கதைகளில் பெரும்பாலும் அதைத்தான் ஆசிரியர் மறைத்து வைத்திருக்கிறார். அன்றிலிருந்து என் வகுப்பில் இதுவே முறை: கதைக்கு ஐந்து வாக்கியங்களைத் தேர்ந்தெடுத்துத் தமிழில் எழுதுவது, எங்கே கை நிற்கிறதோ அங்கே ஒரு கோடு போடுவது.

போவில் கை நிற்கும் இடங்களைப் பாருங்கள். கதை சொல்பவன் வந்தவுடனேயே, நான் பதற்றக்காரன்தான், ஆனால் ஏன் என்னைப் பைத்தியம் என்கிறீர்கள் என்று ஆரம்பிக்கிறான். 'என்கிறாய்' என்று எழுதினால் சிறையில் பக்கத்தில் படுத்திருப்பவனிடம் பெருமை பேசுகிறான். 'என்கிறீர்கள்' என்றால் எதிரே ஒரு மருத்துவரோ நீதிபதியோ உட்கார்ந்திருக்கிறார். அப்போது அந்த நிதானம், நான் எவ்வளவு ஜாக்கிரதையாகச் செய்தேன் பாருங்கள் என்ற வலியுறுத்தல், எல்லாமே உயிர் பிழைக்கச் செய்யும் வாதமாக மாறிவிடுகிறது. நான் 'நீங்கள்' பக்கம். போ எதையும் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்குக் கதையிலிருந்து காரணம் காட்ட வேண்டும். அந்தக் காரணம்தான் உங்கள் கட்டுரை.

அடுத்தது அந்த வயதானவர். கொலையாளி அவரை நேசித்ததாகச் சொல்கிறான், அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை என்கிறான். அவருடைய கண்தான், மேலே ஒரு படலம் மூடிய வெளிர்நீலக் கண்தான், கழுகின் கண் போல அவனைத் தொந்தரவு செய்கிறது. ஆங்கிலத்தில் கதை முழுக்க அவர் 'தி ஓல்ட் மேன்'. தமிழில் பெரியவரா, கிழவரா, கிழவனா? "அந்தப் பெரியவரை நேசித்தேன்" என்று எழுதிவிட்டு, எட்டாவது இரவில் கட்டிலைக் கவிழ்த்து அவரை அமுக்கும் இடத்திலும் 'பெரியவர்' என்றே எழுத முடிகிறதா என்று பாருங்கள். என் மாணவர்கள் பலர் அங்கே தானாகவே 'கிழவன்' என்று எழுதிவிடுவார்கள். போவின் ஆள் மாற்றுவதே இல்லை. அன்பாகச் சொன்ன அதே சொல்லால் கொலையையும் சொல்லி முடிக்கிறான். எனக்கு அதுதான் கதையிலேயே மிகக் கொடுமையான விஷயம்.

இந்தக் கதையை ஒரு தடவை வாய்விட்டும் படியுங்கள். நிறுத்தற்கோடுகள் மூச்சிரைப்பது போல வருகின்றன. பஞ்சில் சுற்றி வைத்த கடிகாரம் போன்ற ஒலி என்று அவன் சொல்லும் அந்தத் துடிப்பு, கடைசிப் பக்கத்தில் சொற்கள் திரும்பத் திரும்ப வந்து வேகமெடுக்கும்போது உங்கள் நாக்கிலேயே கேட்கும்.

போ பற்றி ஒரு எச்சரிக்கை. விடைத்தாளில் "போ குடிகாரர், மனநிலை சரியில்லாதவர், அதனால் இப்படி எழுதினார்" என்ற வரி வருஷா வருஷம் வருகிறது. 1849 அக்டோபரில் பால்டிமோரில் போ இறந்ததும், அவர்மேல் பகை வைத்திருந்த ரூஃபஸ் கிரிஸ்வோல்ட் வேறு பெயரில் ஓர் இரங்கல் குறிப்பு எழுதினார். பின்னால் போவின் படைப்புகளைப் பதிப்பித்தவரும் அவரே. போவின் கடிதங்களில் கைவைத்துத் திருத்தியும் வெளியிட்டார். நம் மனதில் இருக்கும் போவின் படத்தில் பாதி அந்தக் கையால் வரைந்தது. கதையைச் சொல்பவன் வேறு, எழுதியவர் வேறு. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளாமல் இந்த இலக்கியத்தில் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது.

கில்மனின் கதையை நான் வகுப்பறைக்கு வெளியேதான் முதலில் படித்தேன். என் மகள் பிறந்து இருபது நாள் இருக்கும். அம்மா வீட்டில் இருந்தேன். "பச்சை உடம்புக்காரி படிக்கக் கூடாது, கண்ணு போயிடும்" என்று எல்லோரும் சொல்வார்கள், அன்பாகத்தான். புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, குழந்தை தூங்கும்போது படித்தேன். கதையைச் சொல்லும் பெண் எழுதுகிறாள்: கணவர் ஜான் வருகிறார், இதை ஒளித்து வைக்க வேண்டும், நான் ஒரு சொல் எழுதினாலும் அவருக்குப் பிடிக்காது. அந்த வரியில் நானும் புத்தகத்தை மூடி ஒளித்தேன். யாரும் வரவில்லை. மூடியது கைதான்.

அது நாட்குறிப்பாக எழுதப்பட்ட கதை. ஆகவே இங்கே கேட்க வேண்டியது: இந்த வரியை அவள் எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுகிறாள்? ஒவ்வொரு பகுதிக்கும் ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். ஆரம்பத்தில் எழுதும் நேரம் தெளிவாக இருக்கிறது. கடைசியில் அவள் கதவைப் பூட்டிக்கொண்டு, சுவரோரமாகச் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறாள், கணவன் மயங்கிக் கிடக்கிறான். அப்படியானால் அந்த வரிகளை எழுதும் பென்சில் யார் கையில் இருக்கிறது? என்னிடம் இன்னும் பதில் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்குப் பிறகு கதை வேறாகிவிடுகிறது.

இன்னொன்று, சுவரில் கீழே, தரையை ஒட்டி ஓர் அழுக்குத் தடம் அறையைச் சுற்றி ஓடுகிறது என்று அவள் முன்பே எழுதிவிடுகிறாள். யார் செய்ததோ என்று வியக்கவும் செய்கிறாள். கடைசியில் அவள் தோள் அந்தத் தடத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது. முதல் வாசிப்பில் இதை எல்லோரும் தாண்டிப் போவோம்.

அவள் செய்வதை ஆங்கிலத்தில் 'கிரீப்' என்ற ஒரே வினைச்சொல் சொல்கிறது. தமிழில் எழுதப் போனால் இரண்டு வழி: தவழ்கிறாள், அல்லது ஊர்ந்து போகிறாள். குழந்தை தவழும், பாம்பும் பூச்சியும் ஊரும். அவளை அடைத்து வைத்திருக்கும் அறை முன்னே குழந்தைகள் அறையாக இருந்தது என்று அவளே நினைக்கிறாள், ஜன்னலில் கம்பி இருக்கிறது, கணவன் அவளைச் சின்னப் பெண்ணே என்று கூப்பிடுகிறான். அந்த வழியாக வந்தால் 'தவழ்கிறாள்'. சுவர்க் காகிதத்துக்குப் பின்னாலிருந்து வெளியேறிப் பகலில் நடமாடும் அந்த இன்னொரு பெண்ணை நினைத்தால் 'ஊர்கிறாள்'. ஒரு மாணவன் நடுவரை 'தவழ்ந்து' என்றும் கடைசி வாக்கியத்தில் மட்டும் 'ஊர்ந்து' என்றும் எழுதினான். நான் படித்த விளக்கங்கள் எதையும்விட அது எனக்குப் பிடித்திருந்தது.

இந்தக் கதைக்கு மட்டும் பின்னணியைக் கட்டாயம் படிக்க வேண்டும். 1887இல் கில்மன் ஃபிலடெல்ஃபியாவில் சைலஸ் வெயர் மிட்செல் என்ற பெயர்பெற்ற நரம்பியல் மருத்துவரிடம் போனார். குழந்தை பிறந்த பின் வந்த மனச்சோர்வு. அவர் கொடுத்தது 'ரெஸ்ட் க்யூர்' என்ற ஓய்வுச் சிகிச்சை. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் மூளைக்கு வேலை வேண்டாம், இனி வாழ்நாளில் பேனா, தூரிகை, பென்சில் தொடாதே என்று சொல்லி அனுப்பினார். மூன்று மாதம் அப்படியே நடந்ததில் புத்தி பேதலிக்கும் விளிம்புக்குப் போய்விட்டேன் என்று 1913இல் கில்மனே எழுதியிருக்கிறார். அது ஒரு பக்கக் கட்டுரைதான். கதைக்குப் பின் அதைப் படியுங்கள், முன்னால் வேண்டாம்.

இப்போது ஃபாக்னர். முதல் வரியே, மிஸ் எமிலி கிரியர்சன் இறந்தபோது ஊரே சவ அடக்கத்துக்குப் போனது என்கிறது. எங்கள் ஊரா, நம் ஊரா? ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்றுதான். தமிழில் 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார், 'நாம்' என்றால் அவரும் உள்ளே வந்துவிடுகிறார். என் முடிவு 'நாங்கள்', ஏனென்றால் சொல்பவர் அந்த வீட்டையும் தெருவையும் தெரியாதவருக்குச் சொல்வது போல விவரிக்கிறார். ஆனாலும் ஒரு பத்தியை 'நாம்' போட்டு எழுதிப் பாருங்கள். எமிலி மருந்துக் கடையில் ஆர்சனிக் என்ற விஷம் வாங்கியதும், அவள் தன்னையே கொன்றுகொள்வாள் என்றும், அதுவே நல்லது என்றும் ஊரார் சொல்கிறார்கள். "அதுதான் நல்லது என்று நாம் சொன்னோம்" என்று எழுதினால் நீங்களும் சொன்னவராகிவிடுவீர்கள்.

தமிழில் இன்னொரு வசதியும் உண்டு, 'ஆம்' விகுதி. ஊரார் கண்ணால் கண்டதற்கு 'வாங்கினாள்', காதில் விழுந்ததற்கு 'வாங்கினாளாம்'. கதையின் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு எந்த வினைச்சொல்லுக்கு 'ஆம்' சேர்க்க வேண்டும் என்று பென்சிலால் குறியுங்கள். எவ்வளவு கொஞ்சம் பார்த்திருக்கிறார்கள், எவ்வளவு அதிகம் பேசியிருக்கிறார்கள் என்று தெரியும்.

அப்புறம் துண்டுச் சீட்டு வேலை. அப்பா சாவு, எமிலியோடு பழகிய ஹோமர் பாரன் வருகை, ஆர்சனிக், ஹோமர் ஒரு மாலை சமையலறைக் கதவு வழியாக உள்ளே போவது, வீட்டிலிருந்து நாற்றம், ராத்திரியில் நாலு பேர் சுண்ணாம்பு தூவுவது. ஒவ்வொன்றையும் ஒரு சீட்டில் எழுதி, நடந்த வரிசையில் அடுக்குங்கள். சின்னப் பிள்ளைகூடக் கொலை என்று சொல்லிவிடும். ஆனால் கதையில் நாற்றம் இரண்டாம் பகுதியில் வந்துவிடுகிறது, விஷம் மூன்றாம் பகுதியில்தான் வருகிறது. ஊர் கதையைக் கலைத்துச் சொல்கிறது. தெரிந்தும் தெரியாதது போல இருக்க அந்த வரிசை அவர்களுக்கு உதவுகிறது. கடைசிப் பகுதியில் 'அவர்கள்' என்ற சொல்லைக் கவனியுங்கள். சவ அடக்கத்தை நடத்தியது அவர்கள், அவளைப் புதைத்த பிறகே அந்த அறையைத் திறந்தது அவர்கள். உள்ளே கட்டிலில் கிடந்த ஹோமரின் உடலைப் பார்த்து வெகுநேரம் நின்றது 'நாங்கள்'. இரண்டாவது தலையணையில் தலை பதிந்த குழியைப் பார்த்தது நாங்கள். குற்றம் பார்வைக்கு வந்ததும் தன்மைப் பன்மை திரும்புகிறது.

எமிலியின் வேலையாள் டோபியை மறக்காதீர்கள். எல்லாம் தெரிந்த ஒரே ஆள், கறுப்பர். ஊர் அவரிடம் ஒன்றும் கேட்டு அறிய முடியவில்லை. எமிலி செத்ததும் முன்கதவைத் திறந்துவிட்டு, பின்பக்கமாகப் போனவர் மறுபடி யார் கண்ணிலும் படவில்லை. உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து அடிமை முறை சட்டப்படி ஒழிந்திருந்தாலும், அந்த ஊரின் 'நாங்கள்' என்ற சொல்லுக்குள் டோபி இல்லை. அமெரிக்கத் திகில் கதைகளில் பேசாமல் நிற்பவர்களை இப்படித் தேடுவது ஒரு நல்ல பழக்கம்.

'லாட்டரி'க்கு நேரம் குறைவாகப் போதும், அது தானாகவே பாடம் நடத்தும். 1948 ஜூன் 26 தேதியிட்ட நியூ யார்க்கர் இதழில் வந்தது, கதை நடப்பது ஜூன் 27 காலையில். அந்தக் கோடையில் ஜாக்சனுக்கு முந்நூறுக்கும் மேல் கடிதங்கள் வந்தன. இந்தக் குலுக்கல் எங்கே நடக்கிறது, போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டவர்களும் இருந்தார்கள் என்று அவரே பின்னர் சொன்னார். இங்கே 'நான்' கிடையாது, 'நாங்கள்' கிடையாது. ஊர்ச் செய்தி போல ஒரு குரல். இரண்டாம் பத்தியிலேயே பையன்கள் வழவழப்பான கற்களாகப் பார்த்துப் பொறுக்குகிறார்கள். உரையாடலை மட்டும் தமிழில் எழுதிப் பாருங்கள். முந்நூறு பேர் இருக்கும் கிராமத்தில் ஒருத்தியை ஒருத்தி பெயர் சொல்லி மட்டும் கூப்பிட மாட்டார்கள், அக்கா என்றோ மதினி என்றோ வந்துவிடும். கடைசியில் குலுக்கலில் சிக்கி ஊராரிடம் கல்லடி படப் போகும் டெஸ்ஸி தாமதமாக வந்து, இன்றைக்கு என்ன நாள் என்பதே மறந்துபோச்சு என்று சொல்லும்போது கூடச் சிரிக்கும் மிஸஸ் டெலக்ராய், இரண்டு மணி நேரம்கூட ஆகாமல், இரு கையாலும் தூக்க வேண்டிய கல்லாகப் பார்த்து எடுக்கிறாள். அவள் வாயில் 'அக்கா' என்று எழுதிய பின் அந்த வரியை என்னால் வகுப்பில் நிதானமாகப் படிக்க முடிந்ததில்லை.

வரலாறு எவ்வளவு படிக்க வேண்டும் என்று கேட்பார்கள். கதைக்கு ஒரு பக்கம் போதும். இந்தத் திகில் எழுத்து இங்கிலாந்தில் 1764இல் ஹொரஸ் வால்போலின் கோட்டைக் கதையோடு தொடங்கியது. அமெரிக்காவில் பழைய கோட்டைகள் கிடையாது. ஆகவே காடு, மரவீடு, சின்ன ஊர் என்று பயம் வேறு இடங்களில் குடியேறியது. ஹாதார்னின் 'யங் குட்மேன் பிரவுன்' படிக்கப் போனால் அமெரிக்காவின் சேலம் ஊரில் 1692இல் நடந்த சூனிய வழக்குகளைத் தெரிந்துகொள்ளுங்கள். பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள். அந்த வழக்குகளை விசாரித்தவர்களில் ஒருவரான ஜான் ஹாதார்ன் இந்த எழுத்தாளரின் மூதாதை. கதையில் பிரவுனின் மனைவி பெயர் ஃபெய்த், விசுவாசம் என்று பொருள். காட்டில் அவளுடைய இளஞ்சிவப்பு ரிப்பனைக் கண்டதும், என் ஃபெய்த் போய்விட்டது என்கிறானா, போய்விட்டாள் என்கிறானா? தமிழில் வினைமுற்று வந்தே ஆக வேண்டும். அங்கே பேனா நின்றால் கதை பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

ஹெச். பி. லவ்கிராஃப்ட் என்ற திகில் எழுத்தாளரைப் பலர் முதலில் எடுக்கிறார்கள். நான் கடைசியில் வைப்பேன். 1927இல் வந்த அவருடைய நீண்ட கட்டுரை இந்த மரபை அறிய உதவும். கதைகளில் இனவெறுப்பு வெளிப்படையாகவே இருக்கிறது, அதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தேர்வுக்கு எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. கதைச் சுருக்கத்துக்கு நாலு வரிக்கு மேல் கொடுக்காதீர்கள். ஒரு சின்ன மேற்கோள், பத்துச் சொல்லுக்குள், அதைப் பற்றி ஒரு முழுப் பத்தி. திருத்துபவர் நின்று படிப்பது அந்தப் பத்தியைத்தான். நானும் திருத்துகிறவள், அதனால் சொல்கிறேன்.

நான்கையும் முடித்தவர்கள் ஃபிளானரி ஓ'கானரின் 'எ குட் மேன் இஸ் ஹார்ட் டு ஃபைண்ட்' எடுங்கள், 1953இல் வந்தது. ஜார்ஜியாவின் மண் சாலையோரம் ஒரு பாட்டி, எதிரே துப்பாக்கியோடு மிஸ்ஃபிட் என்று பெயர் வைத்துக்கொண்ட கொலைகாரன். அவன் கடைசிவரை அவளிடம் மரியாதையாகத்தான் பேசுகிறான், 'அம்மா' என்று போட்டாலே தகும். அவள்? தொடக்கத்தில் உயிருக்குப் பயந்து, கெஞ்சி, 'நீங்கள்' என்றுதான் பேசியிருப்பாள். கடைசியில் அவன் முகத்தைப் பார்த்து, நீயும் என் பிள்ளைகளில் ஒருத்தன்தானே என்று தோளைத் தொடுகிறாள். அவன் துள்ளி விலகி மூன்று முறை சுடுகிறான். 'நீங்கள்' எந்த வரியில் 'நீ' ஆனது என்று பென்சிலோடு தேடுங்கள். என் வகுப்பில் இதுவரை மூன்று வெவ்வேறு வரிகளைக் காட்டியிருக்கிறார்கள்.